பேர் சொல்லாத கூப்பாடு

மேலக்கரிசல்குளம்,
19-1-1998

அன்புள்ள பிரேமாவுக்கு மதினி பாலம்மாள் எழுதுவது. இங்கே ஆளும் ஆடும் சுகம். நீயும் என் தம்பியும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொதிக்கிற எண்ணெய் பட்டு வெந்த ஜெயகிருஷ்ணன் கை ஆறிவிட்டதா? முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறவன் கையை அடுப்புக்குக் காட்டலாமா என்று நான் கேட்டதாகச் சொல்.

பொங்கல் நன்றாகக் கழிந்தது. மறுநாள் ஆடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்குச் சாயம் பூசினோம். கரிநாளன்று கடலுக்குப் போனோம். உன் மகள் ஒரு வருஷமாகக் கடல், கடல் என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள் அல்லவா? என் மகன் கிருஷ்ணகுமார், தான் ஓட்டும் தீப்பெட்டி ஆபீஸ் வேனை முதலாளியிடம் கேட்டுக் கொண்டுவந்தான். விளாத்திகுளம் தாண்டி, வேம்பாருக்குத் தெற்கே ஒரு கடற்கரை. ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போகிற இடம் இல்லை. ஒரு பக்கம் பனங்காடு, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் நாங்கள். வலை பின்னிக்கொண்டு ஒரே ஒரு மீன்காரர் உட்கார்ந்திருந்தார்.

கடல் என்றால் அலை ஆளுயரத்துக்கு வரும் என்று நினைத்தேன். அங்கே கண்மாய் போலக் கிடந்தது. நீ அண்ணன் என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடந்து என்னத்துக்கு, ஒரு ஆடு வாய் வைக்க முடியாதே" என்றார். கடல் கேட்டிருந்தால் அவருக்கு நல்ல பதில் சொல்லியிருக்கும். புளிச்சோறும் அவித்த நிலக்கடலையும் கொண்டுபோயிருந்தோம். தீபலட்சுமி காலை நனைக்கிறேன் என்று கழுத்துவரை நனைந்தாள். சிப்பி பொறுக்கினாள். என் சேலை முந்தானையில் அவள் கட்டிவைத்த மணல் இன்னும் உதிர்கிறது.

திரும்பக் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள் என்று பார்த்தால் பேசவில்லை. களைப்பு. மற்றபடி ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலம்மாள்


சோலாப்பூர்,
31-1-1998

அன்புள்ள மதினிக்கு,

பிரேமாவின் வணக்கம். நாங்கள் இருவரும் சௌக்கியம். அவர் கை ஆறுகிறது, ஆனால் மடக்க முடியவில்லை. அதனால் இப்போது அடுப்பில் நிற்பது நான்தான். அண்ணனையும் கிருஷ்ணகுமாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அண்ணன் கடலைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, மாவு பிசைகிற பையன்கள்கூடச் சிரித்தார்கள். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஒன்பது வயதுப் பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டு வந்தவள் நான். நான் கூட்டிப்போக வேண்டிய கடலுக்கு நீங்கள் கூட்டிப்போயிருக்கிறீர்கள். சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிறு எரியவும் செய்கிறது.

கிளம்பத் தாமதம் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் என்று எழுதவில்லை. பிள்ளைக்கு ஏதாவது முள், சிப்பி குத்திவிட்டதா? தீபலட்சுமியை அவள் கையால் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பிரேமா


மேலக்கரிசல்குளம்,
5-3-1998

பிரேமாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்குக் கழுகுமலையானை வேண்டிக்கொண்டேன். பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது என்று கோபித்துக்கொள்ளாதே. கொத்தமல்லிச்செடி பிடுங்கும் வேலை. குனிந்த இடுப்பு நிமிரவில்லை.

தாமதம் ஏன் என்று கேட்டிருந்தாய். வேன் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பிள்ளை சுகமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறது. வைத்ததைச் சாப்பிடுகிறது. முன்பு போல அடம் கிடையாது.

ஆட்டுப்பட்டியை வீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஊர்க்கோடியில் நம் புஞ்சையில் போட்டிருக்கிறார் உன் அண்ணன். வீட்டுப்பக்கம் இருந்தால் ஆடுகள் இரை எடுக்க மாட்டேன் என்கின்றன. கோடை வருகிறது, அதுதான் காரணமாக இருக்கும்.

தம்பிக்கு என் அன்பு.

பாலம்மாள்


சோலாப்பூர்,
16-3-1998

மதினி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான். அதை மறைக்க எனக்குத் தெரியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வேல்சாமி கடைக்குப் போன் போட்டு, பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருந்து பேசினேன். அதை அவள் உங்களிடம் சொன்னாளா? எப்போது பேசினாலும் "எப்பம்மா வருத" என்று அழுது என் காசையெல்லாம் கரைக்கிறவள். அன்றைக்கு அழவில்லை. சாப்பிட்டேன், படித்தேன், நன்றாக இருக்கிறேன் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று அவர் சொல்கிறார். இரண்டு மாதத்தில் யாராவது அவ்வளவு வளர்வார்களா?

இன்னொன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஆட்டுக்கெல்லாம் பேர் வைத்துக் கூப்பிடுகிறவர் நீங்கள். என் மகளைப் பேர் சொல்லி ஓரிடத்தில்கூட எழுதவில்லையே. என்ன நடந்தது மதினி?

பிரேமா


மேலக்கரிசல்குளம்,
29-3-1998

அன்புள்ள அம்மாவுக்கு தீபலட்சுமி எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் நலமா? முழுப்பரீட்சை வரப்போகிறது. நான் படிக்கிறேன்.

அத்தை என்னை அடிப்பதில்லை. எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்திருக்கிறாள். செவலை ஆட்டுக்குட்டி முன்பெல்லாம் என் பின்னாலேயே வரும். இப்போது என்னைப் பார்த்தால் கத்துகிறது. நான் பட்டிக்குப் போனால் ஆடுகள் எல்லாம் எழுந்து ஓரத்துக்குப் போய்விடுகின்றன. அதனால் நான் போவதில்லை.

மாமா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு நாள் என்னை உட்காரவைத்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். நான் உன் பேரைச் சொன்னேன். அப்பா பேரையும் சொன்னேன். வேறு என்ன சொல்ல வேண்டும் அம்மா?

கடலில் மாமா கூப்பிட்டார், நான் வந்தேன். கூப்பிட்டால் வர வேண்டும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தைக் கிருஷ்ணகுமார் மச்சான் தபாலில் போடுவான்.

உன் மகள்,
தீபலட்சுமி


மேலக்கரிசல்குளம்,
10-4-1998

பிரேமாவுக்கு,

நலம் விசாரிக்கிற முகம் எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறீர்களா? பிள்ளை உனக்கு எழுதியதைக் கிருஷ்ணகுமார் இன்றைக்குத்தான் சொன்னான். இனிமேல் மறைத்துப் பிரயோசனம் இல்லை.

சக்கரத்தில் காற்று இறங்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிற நேரத்தில் பிள்ளையைக் காணவில்லை. பனங்காட்டுக்குள் போனதைக் கிருஷ்ணகுமார் பார்த்திருக்கிறான். மணலில் கால்தடமும் அந்தப் பக்கம்தான் போயிருந்தது. உள்ளே போய்த் தேடினோம். தரை இறுகிய இடத்தில் தடம் நின்றுவிட்டது. நான் தொண்டை வற்றக் கத்தினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உன் அண்ணன் திரும்பக் கரைக்கு ஓடிவந்தார். மணல்மேட்டில் ஏறி நின்று, சாயங்காலம் ஆட்டை மடக்குகிறபோது கொடுப்பாரே நீளமாக ஒரு கூப்பாடு, அதைக் கொடுத்தார். பழக்க தோஷம்.

அவள் வந்தாள் பிரேமா. பனங்காட்டிலிருந்து வரவில்லை. தண்ணீரிலிருந்து நடந்து வந்தாள். அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, நாங்கள் தேடப் போனபோதும் அந்த மீன்காரர் எதிரே உட்கார்ந்திருந்த தண்ணீர் அது. அழுகை இல்லை, இருமல் இல்லை. நேராக வந்து வேனில் ஏறி உட்கார்ந்தாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்துவிட்டு, வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்.

ஆடு மேய்க்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உன் அப்பா வீட்டில் பருத்தி விவசாயம்தான், உனக்குத் தெரியாது. அயலூர்க் காட்டில் மேய்க்கிறபோது பொதுவாகக் கூப்பாடு கொடுக்கக் கூடாது. முன்னால் போகிற ஆட்டின் பேரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். பேர் சொல்லாமல் கூப்பிட்டால் அங்கே மேய்கிற வேற்று ஆடும் சேர்ந்து வந்துவிடும். நம்முடையது ஒன்று அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைப் பார்த்து ஆடுகள் மிரண்டன. அன்றைக்கு உன் அண்ணன் என்னிடம் சொன்னார். "பேரைச் சொல்லாமக் கூப்பிட்டுட்டேன் பாலம்மா. கலந்துபோச்சு."

உமக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று அவரைத் திட்டினேன். ஆனால் என்ன சொல்ல, அதன் பிறகு நாள் போகப் போக எனக்கும் அந்தப் பேர் வாயில் வர மாட்டேன் என்கிறது. பெற்ற மகளைப் போல வளர்த்தவளைப் பார்த்துப் பயப்படுகிறேன். கலந்த ஆட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒன்று சொல்கிறார். அதை உனக்கு எழுத என் கை வரவில்லை.

பாலம்மாள்


சோலாப்பூர்,
20-4-1998

மதினிக்கு,

விசாரிப்பெல்லாம் இன்னொரு நாளைக்கு.

என் மகள் ஆடில்லை. வழி தப்பிப் பனங்காட்டைச் சுற்றிக் கரைக்குப் போயிருப்பாள். தண்ணீரில் விழுந்து பயந்திருப்பாள். பயந்த பிள்ளைக்குத் திருநீறு பூசி மடியில் போட்டுக்கொள்ளாமல், தனித் தட்டு வைத்து நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் பேச்சு வரும்?

அவள் வலது முழங்காலில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். நடை பழகும்போது அரிவாள்மனையில் விழுந்தது, நீங்கள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினீர்கள். பார்த்துவிட்டு அண்ணனிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்?

உங்கள் தம்பிக்கு இன்னும் கை சரியாகவில்லை. கல்யாண சீசன் ஆர்டர் இருக்கிறது. மே கடைசியில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்களிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிரேமா


கோவில்பட்டி,
27-4-1998

அன்புள்ள அத்தைக்கு,

கிருஷ்ணகுமார் எழுதுவது. மாமா உடம்பு தேவலையா? வீட்டில் எழுதினால் அப்பா பார்த்துவிடுவார் என்று ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. அம்மா தழும்பைப் பார்த்தாள். இருக்கிறது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "காதுவெட்டு ஒண்ணுபோல இருந்தாத்தானே ஆடு கலக்கும்" என்றார். காதுவெட்டு என்பது யாருடைய ஆடு என்று தெரிய ஆட்டின் காதில் வைக்கிற அடையாளம்.

அம்மா எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஆடு கலந்துவிட்டால், வேற்று ஆட்டை ஓட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போவார்கள். அதை அங்கே விட்டுவிட்டுத் தங்கள் ஆட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்து வருவார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அப்பா பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போக வேன் கேட்கிறார். நான் ரிப்பேர் என்று சொல்லிப் பார்த்தேன். வேறு வண்டி பேசிவிட்டார். அம்மா தடுக்க மாட்டாள். அவளுக்கும் பயம்.

எனக்கு எது நிஜம் என்று தெரியவில்லை அத்தை. அவள் தண்ணீரிலிருந்து வந்ததை நானும் பார்த்தேன். ஆனால் நேற்று அவளுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் வாருங்கள்.

கிருஷ்ணகுமார்


சோலாப்பூர்,
21-5-1998

மதினிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அங்கே வந்தபோது உங்களை நலம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா?

அன்றைக்குக் கோவில்பட்டியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, ஊருக்குப் பிரிகிற விலக்கிலிருந்து ஓடியே வந்தேன். வாசலில் வண்டி நின்றது. முன்சீட்டில் பிள்ளை தலைக்கு எண்ணெய் வைத்துப் பூ வைத்து உட்கார்ந்திருந்தது. உங்கள் கையில் கட்டுச்சோறு. எத்தனை பேருக்குக் கட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. போகும்போது எத்தனை, வரும்போது எத்தனை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் வண்டியை மறித்து நின்ற என்னைக் கும்பிட்டார். "ஒம் பிள்ளைய வாங்கத்தாம் போறேன் தாயி" என்று அழுதார். கெட்ட எண்ணத்தோடு நின்றிருந்தால் அடித்திருப்பேன். அழுகிறவரை என்ன செய்ய முடியும்? பிள்ளையை இறக்கி, திரும்பி வந்த அந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

ரயிலில் பிள்ளை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தது. எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. இங்கே நன்றாகச் சாப்பிடுகிறது. அப்பாவுக்குக் கையில் எண்ணெய் தடவிவிடுகிறது. மராத்தி இரண்டு வார்த்தை பேசுகிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

பிரேமா


மேலக்கரிசல்குளம்,
30-6-1998

அன்புள்ள பிரேமாவுக்கு,

இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் சுகமா?

உன் அண்ணன் பட்டியைக் கிருஷ்ணகுமார் பொறுப்பில் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமையானால் பஸ் பிடித்துக் கடலுக்குப் போகிறார். மணல்மேட்டில் நின்று தீபலட்சுமி, தீபலட்சுமி என்று கூப்பிடுகிறார். இப்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஊரில் சிரிக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதனால் போன வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன்.

நல்ல வெளிச்சம். தண்ணீர் அசையவில்லை. அவர் கூப்பிட்டு முடித்ததும் பனங்காட்டுக்குள்ளிருந்து "மாமா" என்று கேட்டது. மயிலாக இருக்கும். அந்தப் பக்கம் மயில் நிறைய. நான் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அவர் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. "மாத்திக் குடுக்க நம்மகிட்ட ஒண்ணும் இல்லயே, எப்படி வருவா" என்றார். ஆயுதபூஜை லீவுக்குப் பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லி உனக்கு எழுதச் சொல்கிறார். நான் அப்படி எழுதவில்லை. அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

கோபிக்காமல் ஒன்று சொல். என் கடிதத்தில் பேர் இல்லை என்று என்னைச் சண்டைக்கு இழுத்தாயே. நீ அனுப்பிய கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதிலும் இல்லை. பெற்றவள் நீ. உனக்குத் தெரியாமல் போகாது. அவள் யார் பிரேமா?

பாலம்மாள்


சோலாப்பூர்,
3-10-1998

அன்புள்ள மதினிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்களும் அண்ணனும் கிருஷ்ணகுமாரும் சுகமாக இருக்க வேண்டும். இத்தனை மாதம் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. நீங்கள் கேட்டதை நானும் தினமும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்த புதிதில் அவள் தூங்கும்போது உச்சந்தலையை முகர்ந்து பார்ப்பேன். சின்னதில் அவளிடம் ஒரு பால்வாசம் உண்டு, எனக்கு மட்டும் தெரியும். அது இல்லை. வளர்ந்த பிள்ளைக்குப் பால்வாசம் எங்கே இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்வேன். மறுநாளும் முகர்வேன். என் மகள் ஆடில்லை என்று உங்களைத் திட்டிவிட்டு நானும் அதையே செய்தேன் மதினி. அவளைக் கட்டிக்கொள்ளும்போது என் கை ஒரு நொடி தயங்கும். அது அவளுக்குத் தெரியும்.

ஆவணியில் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானம், நான் தூங்குகிறேன் என்று நினைத்தோ என்னவோ, மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நான் திரும்பிப் போகணுமா?"

எங்கே என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு என்று சொல்லியிருக்கலாம். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் இல்லை. போக வேண்டாம் என்றேன். அன்றைக்குத்தான் அழுதாள். வந்ததிலிருந்து முதல் முறையாக, என் சேலையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை அழுதாள். நானும் அழுதேன். அவள் யாராக இருந்தால் என்ன மதினி, கூப்பிட்ட குரலை நம்பி வந்த பிள்ளை. அவள் பேர் தீபலட்சுமி. இதோ, எழுதிவிட்டேன்.

ஆயுதபூஜைக்கு வரவில்லை. மாற்றிக் கொடுக்கிற பேச்சு இனி நம் வீட்டில் வேண்டாம். ஆனால் அண்ணன் கடலுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். மயில்தான் என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பவில்லை, நம்பியிருந்தால் உள்ளே ஓடியிருக்க மாட்டீர்கள். அங்கே நிற்கிறவள் என்றைக்காவது வந்தால், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள். தனித் தட்டு வைக்காதீர்கள். எனக்கு ஒரு தந்தி கொடுங்கள். நான் வந்து அவளையும் கூட்டிக்கொள்கிறேன்.

தீபாவளிக்குப் பாவாடைத் துணி எடுத்தேன். தையல்காரர் எதற்கு ஒரே அளவில் இரண்டு என்று கேட்டார். ஒன்றை இவள் போட்டுப் பார்த்தாள், சரியாக இருக்கிறது. இன்னொன்றை உங்கள் பேருக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

பிரேமா